15 நொடிகள்: ‘கனிபல் ஹோலோகாஸ்ட்’ படமும் பிரிட்டன் தணிக்கையின் 30 ஆண்டுகளும்

கொடூரக் காட்சிகள் நிறைந்த திகில் படங்களைத் தணிக்கை செய்யலாமா என்று பொதுவாகக் கேட்டால் பேச்சு இரண்டே வாக்கியத்தில் முட்டி நின்றுவிடும். வயது வந்தவர்கள் எதைப் பார்ப்பது என்று அரசு சொல்லக் கூடாது என்பார் ஒருவர். இதையெல்லாம் பார்த்தால் மனம் கெட்டுப்போகும் என்பார் இன்னொருவர். ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, ஒரு நாடு அதன்மேல் எந்தச் சட்டத்தைப் பாய்ச்சியது, எத்தனை நொடி வெட்டியது, பிறகு எதைத் திருப்பிக் கொடுத்தது, எதைக் கடைசிவரை கொடுக்கவில்லை என்று பார்த்தால்தான் ஏதாவது பிடிபடும். அதற்கு 1980-இல் வந்த இத்தாலியப் படமான ‘கனிபல் ஹோலோகாஸ்ட்’டைவிடப் பொருத்தமான படம் இல்லை.

படத்தில் இருப்பவை

இயக்குநர் ருஜ்ஜெரோ தெயோதாத்தோ. படப்பிடிப்பு பெரும்பாலும் கொலம்பியாவின் அமேசான் ஓரத்து ஊரான லெத்தீசியாவில், 1979-இல் நடந்தது. ஆவணப்படம் எடுக்கக் காட்டுக்குள் போன நான்கு பேர் திரும்பவில்லை. அவர்களைத் தேடிப்போகும் நியூயார்க் மானுடவியல் பேராசிரியர் ஒருவர் அவர்கள் விட்டுச்சென்ற ஃபிலிம் சுருள்களை மீட்டுவருகிறார். படத்தின் பின்பாதி முழுக்க அந்தச் சுருள்களில் இருப்பதுதான். மற்ற காட்சிகள் 35 மில்லிமீட்டரில், ‘மீட்ட சுருள்’ காட்சிகள் 16 மில்லிமீட்டரில் எடுக்கப்பட்டவை. கையில் பிடித்த கேமராவின் ஆட்டமும் ஃபிலிமின் கீறலும் சேர்ந்ததால் பார்ப்பவருக்கு இது நடிப்பா நிஜமா என்ற சந்தேகம் எழும். அந்தச் சந்தேகத்தைக் கிளப்பத்தான் படமே எடுக்கப்பட்டது.

தணிக்கையாளரின் மேசைக்கு வரும்போது இந்தப் படத்தில் நான்கு வகைச் சங்கதிகள் இருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வைத்துக்கொள்ளாததுதான் பின்னால் வந்த குழப்பம் அத்தனைக்கும் காரணம்.

முதல் வகை, மனிதர்கள் கொல்லப்படும் காட்சிகள். இவை எல்லாமே செட்டப். கழுவேற்றப்பட்ட பெண்ணின் காட்சி சுவரொட்டிகள் வழியே உலகமெங்கும் போனது. ஓர் இரும்புக் கம்பத்தில் சைக்கிள் சீட்டைப் பொருத்தி, அதில் நடிகையை உட்காரவைத்து, மிக லேசான பால்சா மரத்தில் செய்த முனையை வாயில் கவ்வி மேலே பார்க்கச் சொல்லி எடுத்தார்கள். அவ்வளவுதான் வித்தை.

இரண்டாம் வகை, செட்டப் செய்த பாலியல் வன்முறைக் காட்சிகள்.

மூன்றாவது, விலங்குகள் கொல்லப்படும் காட்சிகள். இவை நிஜம். ரக்கூன் இனத்தைச் சேர்ந்த கோவாட்டி, பெரிய ஆற்றாமை, பாம்பு, சிலந்தி, குரங்கு, பன்றி ஆகியவை கேமரா முன்னால் கொல்லப்பட்டன. குரங்குக் காட்சியை இரண்டு முறை எடுத்ததால் இரண்டு குரங்குகள் செத்தன. பேராசிரியராக நடித்த ராபர்ட் கெர்மன், கோவாட்டியைக் கொன்றபோது படப்பிடிப்பிலிருந்து வெளியேறினார்.

நான்காவதைப் பலர் கவனிப்பதே இல்லை. படத்துக்கு நடுவே, அந்த ஆவணப்படக் குழு முன்னால் எடுத்த படம் என்று சொல்லி ஒரு துண்டு ஓடும். அதில் வரும் மரண தண்டனைகள் பழைய செய்திச் சுருள்களிலிருந்து எடுத்தவை. உண்மை மனிதர்களின் உண்மைச் சாவு.

இத்தாலியில்: பொய்யை நிஜமென்று நம்பிய வழக்கு

1980 பிப்ரவரியில் மிலானில் படம் திரைக்கு வந்து சுமார் பத்து நாளில் நீதிமன்ற உத்தரவால் பிரதிகள் பறிமுதல் செய்யப்பட்டன. ஆபாசம் என்று தொடங்கிய புகார், நடிகர்கள் உண்மையிலேயே கொல்லப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் வரை போனது. படம் உண்மை போலத் தோன்றுவதற்காக நடிகர்கள் ஓராண்டு எங்கும் தலைகாட்டக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டிருந்தது இயக்குநருக்கே வினையாயிற்று. அவர்கள் உயிரோடு இருப்பதையும் கழுமரக் காட்சி எடுத்த விதத்தையும் அவர் நிரூபிக்க வேண்டிவந்தது. கொலைச் சந்தேகம் கரைந்துபோனது. விலங்குகளைக் கொன்றது மட்டும் கரையவில்லை. இயக்குநருக்கும் தயாரிப்புத் தரப்பினருக்கும் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை கிடைத்தது. படத்தின் மேலிருந்த தடை 1984-இல்தான் விலகியது.

இந்த வழக்கின் வரிசை முக்கியம். கூச்சல் முழுக்க நடக்காத குற்றத்தைச் சுற்றி எழுந்தது. நடந்த குற்றம் ஓரமாகக் கிடந்தது. பிரிட்டனும் அடுத்த 20 ஆண்டு இதே வரிசையில்தான் போனது.

பிரிட்டன், 1982: ஓட்டை எங்கே இருந்தது

பிரிட்டனின் திரைத் தணிக்கை 1909-ஆம் ஆண்டுச் சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் நிழலில் வளர்ந்தது. அந்தச் சட்டம் வந்த காரணம் தீ. நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று பற்றிக்கொள்ளும் என்பதால் திரையரங்குக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரத்தை உள்ளூர் மன்றங்களிடம் கொடுத்தார்கள். மன்றங்கள் அந்த உரிமத்தைக் காட்டிப் படத்தின் உள்ளடக்கத்திலும் கைவைக்கத் தொடங்கின. அதைச் சமாளிக்கத் திரைத்துறையே 1912-இல் அமைத்ததுதான் பிபிஎஃப்சி எனும் பிரிட்டன் திரைத் தணிக்கை வாரியம். இதன் பிடி முழுக்கத் திரையரங்கு என்ற கட்டடத்தின் மேல். வீட்டு வரவேற்பறையில் ஓடும் வீடியோ கேசட்டுக்கு யார் சான்றிதழும் தேவைப்படவில்லை.

1970-களின் இறுதியில் வீடியோ பிளேயர் வந்தபோது பெரிய ஸ்டுடியோக்கள் தயங்கி நின்றன. இடைவெளியைச் சிறு விநியோகஸ்தர்கள் மலிவான திகில் படங்களால் நிரப்பினார்கள். பெட்டிக்கடை முதல் முடிதிருத்தும் கடை வரை கேசட் வாடகைக்குக் கிடைத்தது. 1982 வாக்கில் பத்திரிகைகளில் வந்த முழுப்பக்க விளம்பரங்களும் கேசட் உறைகளும்தான் முதலில் புகாரைக் கிளப்பின. பலரும் படத்தைப் பார்த்ததே இல்லை, உறையைத்தான் பார்த்தார்கள். ‘கனிபல் ஹோலோகாஸ்ட்’ கேசட்டை விற்றவர்களே விளம்பரத்துக்காக, ஒழுக்கப் பிரசாரகர் மேரி வைட்ஹவுஸுக்குத் தங்கள் படத்தைப் பற்றிப் புகார்க் கடிதம் எழுதினார்கள் என்று அந்தக் காலத்தை ஆராய்ந்தவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். விளம்பரம் நன்றாகவே வேலைசெய்தது. 1982 மே மாதம் ‘சண்டே டைம்ஸ்’ எழுதியது, 1983-இல் ‘டெய்லி மெயில்’ இயக்கமே நடத்தியது. இத்தகைய கேசட்டுகளுக்கு ‘வீடியோ நாஸ்டி’ (அருவருப்பான வீடியோ) என்ற பெயர் நிலைத்துவிட்டது.

கையில் இருந்த ஆயுதம் 1959-ஆம் ஆண்டு ஆபாச வெளியீடுகள் சட்டம். வீடியோ கேசட்டும் அதில் சேரும் என்று 1980-இல் நீதிமன்றம் தெளிவாக்கியிருந்தது. மொத்தமாகப் பார்க்கும்போது, அதைப் பார்க்கக்கூடியவர்களின் ஒழுக்கத்தைச் ‘சீர்குலைத்துக் கெடுக்கும்’ தன்மை உடையதா என்பதே சட்டத்தின் கேள்வி. இதில் இரண்டு வழிகள் உண்டு. 2-ஆம் பிரிவின்படி வழக்குத் தொடர்ந்தால் ஜூரி முன் விசாரணை, அப்போது அதிகபட்சம் 3 ஆண்டுச் சிறை. 3-ஆம் பிரிவின்படி போனால் ஜூரி கிடையாது. மாஜிஸ்திரேட் கேசட்டைப் பறிமுதல் செய்து அழிக்க உத்தரவிடலாம், யாருக்கும் தண்டனை இல்லை.

கோளாறு இங்கேதான் தொடங்கியது. காவல்துறைக்கு இரண்டாவது வழி சுலபம். கடைக்காரருக்கும் வழக்காடுவதைவிடக் கேசட்டை இழப்பது மலிவு. ஆகவே எது ஆபாசம் என்று எந்த ஜூரியும் தீர்மானிக்காமலே அலமாரிகள் காலியாயின. ஒரு ஊரில் பறிமுதலான படம் பக்கத்து ஊரில் வாடகைக்குப் போய்க்கொண்டிருந்தது. ‘தி ஈவில் டெட்’ படத்துக்கு வாரியம் 49 நொடிகளை வெட்டித் திரையரங்குச் சான்றிதழ் கொடுத்திருந்தது. அந்தப் படமே கேசட்டாக வந்தபோது காவல்துறை எடுத்துச் சென்றது. அரசே ஏற்ற அமைப்பு சரியென்று சொன்னதைக் கடைக்காரர் விற்றால் குற்றம் என்றால், அவர் எதைப் பார்த்து நடந்துகொள்வது?

விநியோகஸ்தர்கள் கேட்ட கேள்வியும் அதுதான். பதிலாக அரசு வழக்குத்துறை இயக்குநர் அலுவலகம் 1983-இல் ஒரு பட்டியலைத் தந்தது. காலப்போக்கில் ஏறியும் இறங்கியும் மொத்தம் 72 படங்கள் அதில் இடம்பெற்றன. 39 படங்கள்மீது வழக்கு வென்றது. மீதி 33 தோற்றவை அல்லது கைவிடப்பட்டவை. ‘கனிபல் ஹோலோகாஸ்ட்’ 39-இல் ஒன்று. அந்தக் கேசட் விநியோகஸ்தரே ஏற்கெனவே சில நிமிடங்களைக் குறைத்து வெளியிட்ட பதிப்பு என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பட்டியலில் காரணம் எழுதப்படவில்லை. எந்தக் காட்சி, எந்த அளவு, எதை எடுத்துவிட்டால் சரி என்று ஒரு வரிகூடக் கிடையாது. வெறும் தலைப்புகள். சேகரிப்பாளர்களுக்கு அது தேடிப்பிடிக்க வேண்டிய படங்களின் பட்டியலாக மாறிப்போனதில் வியப்பில்லை. அடுத்த 15 ஆண்டுகள் பிரதியின் பிரதியின் பிரதியாக, நிறம் வெளுத்து, ஒலி இரைந்த கேசட்டுகள் கைமாறின. வயதைக் கேட்கும் கடைக்காரர் அந்தச் சந்தையில் இல்லை.

எண்கள் செய்த கெடுதல்

1983 இறுதியில், வீடியோ கேசட்டுகளுக்கான புதிய சட்டத்தின் மசோதா நாடாளுமன்றத்தில் இருந்தபோது, குழந்தைகளில் 40 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் இத்தகைய படங்களைப் பார்த்திருக்கிறார்கள் என்று ஓர் அறிக்கை வந்தது. படப் பெயர்களின் பட்டியலைக் குழந்தைகளிடம் கொடுத்து, பார்த்தவற்றில் குறியிடச் சொன்ன ஆய்வு அது. கை கம்பர்பாட்ச், பால் பேட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பள்ளிக் குழந்தைகளிடம் இதே முறையில், இல்லாத படங்களின் பெயர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். 68 விழுக்காட்டினர் பார்த்ததாகக் குறியிட்டார்கள். பதினொரு வயதுப் பிள்ளை நண்பர்கள் முன்னால் ‘நான் பார்க்கலை’ என்று எழுதுவானா? இந்தத் திருத்தம் வந்து சேர்வதற்குள் முதல் எண் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. குழந்தைகளைப் பற்றிய அக்கறை நியாயமானது. அதை அளந்த கருவி பழுதானது.

1984 சட்டமும் அதன் இயந்திரமும்

கிரஹாம் பிரைட் எம்.பி. கொண்டுவந்த தனிநபர் மசோதா வீடியோ பதிவுகள் சட்டமாக 1984 ஜூலையில் ஒப்புதல் பெற்று, 1985 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இனி சான்றிதழ் இல்லாத கேசட்டை விற்பதோ வாடகைக்கு விடுவதோ குற்றம். அபராதம் 20,000 பவுண்டு வரை. வீட்டில் பார்க்கப்படும் சாத்தியத்தைத் தனியாகக் கருத்தில் கொள்ள வேண்டும் என்ற வரி சட்டத்திலேயே ஏறியது. வாரியத்தின் பெயரில் இருந்த ‘தணிக்கை’ போய் ‘வகைப்படுத்தல்’ வந்தது.

இந்தச் சட்டத்தைக் குறை சொல்பவர்கள் பலர். எங்கள் கணிப்பில் இதன் பாதி நல்லது. முன்பே பார்த்து, வயதுச் சான்று கொடுத்து, அதை மீறி விற்பவரைத் தண்டிப்பது என்ற அமைப்பு, கடைக்குள் திடீரென்று நுழைந்து அலமாரியைக் காலி செய்வதைவிட எவ்வளவோ மேல். கடைக்காரருக்குத் தன் நிலை தெரியும். கெட்ட பாதி, ஏற்கெனவே பட்டியலில் இருந்த படங்களுக்கு நேர்ந்தது. நீதிமன்றத்தில் தோற்ற படத்துக்குச் சான்று கொடுக்க வாரியம் துணியவில்லை. விநியோகஸ்தர்கள் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கவும் துணியவில்லை. தடை உத்தரவு என்று ஒரு தாள்கூட இல்லாமலே பல படங்கள் 15 ஆண்டு மறைந்திருந்தன.

1994-இல் சட்டத்தில் இன்னொரு பிரிவு சேர்ந்தது. முந்தைய ஆண்டு லிவர்பூலில் ஒரு குழந்தை கொல்லப்பட்ட வழக்கில், ஒரு திகில் கேசட் காரணம் என்று பத்திரிகைகள் எழுதிய பின்னணியில் வந்த திருத்தம் அது. கொலை செய்த சிறுவர்கள் அந்தப் படத்தைப் பார்த்ததாகக் காவல்துறை விசாரணையில் நிறுவப்படவில்லை. ஆனாலும் பிரிவு வந்தது: பார்ப்பவருக்கோ, பார்ப்பவரின் நடத்தை வழியே சமூகத்துக்கோ ஏற்படக்கூடிய தீங்கை வாரியம் கருத வேண்டும், குற்றச் செயல், போதைப்பொருள், வன்முறை, கொடூரச் செயல்கள், பாலுறவு ஆகியவை காட்டப்படும் விதத்தைப் பார்க்க வேண்டும். இன்றுவரை வெட்டுகளுக்கு அடிப்படை இதுதான். ‘மனம் கெடுமா’ என்ற பழைய கேள்வியைவிட ‘என்ன தீங்கு, யாருக்கு’ என்ற கேள்வி மேலானது. பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி அது.

ஒரு வெட்டு எப்படிப் போடப்படுகிறது

பரிசோதகர்கள் படத்தை முழுதாகப் பார்த்து, கேள்விக்குரிய ஒவ்வொரு ஷாட்டையும் டைம்கோடோடு குறிக்கிறார்கள். விநியோகஸ்தருக்குப் போகும் வெட்டுப் பட்டியலில் தொடக்கம், முடிவு, எது நீங்க வேண்டும், ஏன் ஆகியவை இருக்க வேண்டும். வெட்டுவது விநியோகஸ்தரின் வேலை. வெட்டிய பதிப்பை வாரியம் மறுபடி பார்த்துத்தான் சான்று தரும்.

கணக்கில் தவறு வருவது அடிக்கடி இங்கேதான். ஃபிலிம் நொடிக்கு 24 ஃபிரேம். பிரிட்டன், ஐரோப்பாவின் ‘பால்’ (PAL) முறை வீடியோ நொடிக்கு 25. அதே படம் வீடியோவில் சுமார் 4 விழுக்காடு வேகமாக ஓடும், 96 நிமிடப் படம் ஏறத்தாழ 92 நிமிடத்தில் முடிந்துவிடும். இது தெரியாமல் ‘4 நிமிடம் காணோம், வெட்டியிருக்கிறார்கள்’ என்று எழுதியவர்கள் ஏராளம். இரு பதிப்புகளை ஒப்பிடுபவர் மொத்த நேரத்தை நம்பாமல் ஷாட் ஷாட்டாகப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஒலி. படத்தை வெட்டும் இடத்தில் பின்னணி இசை ஓடிக்கொண்டிருந்தால் தாளம் எகிறும், பார்ப்பவருக்கு வெட்டு உடனே தெரியும். அதனால் கெட்டிக்காரத் தொகுப்பாளர் நேரத்தைக் குறைக்காமல், அதே காட்சியின் வேறு ஷாட்டை, முகத்தையோ மரத்தையோ இழுத்து அந்த இடத்தை மூடுவார். இதில் ஒரு பொறி இருக்கிறது. படம் போய் அலறல் மட்டும் மிஞ்சினால், பார்ப்பவர் மனம் நிரப்பிக்கொள்ளும் காட்சி வெட்டியதைவிடக் கொடூரமாக இருக்கும். பட்டியலில் ‘ஒலியும் சேர்த்து’ என்று எழுதியிருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, அடியைக் காட்டி வலியை வெட்டுவது. ரத்தமும் துடிப்பும்தான் கண்ணை உறுத்துகின்றன என்பதால் அவற்றை எடுத்துவிட்டால், மிஞ்சுவது வலிக்காத வன்முறை. இளையவர்களுக்கு எது அபாயம் என்று யோசித்தால், இந்த வெட்டிய பதிப்புதான் மோசமானது.

2001-இல் 5 நிமிடம் 44 நொடி, 2011-இல் 15 நொடி

1975 முதல் வாரியத்தை நடத்திய ஜேம்ஸ் ஃபெர்மன் 1999-இல் விலகினார். அடுத்த ஆண்டு வந்த வழிகாட்டு விதிகள், சட்டத்துக்கு உட்பட்டுப் பெரியவர்கள் தாங்கள் பார்ப்பதைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்பதைக் கொள்கையாக எழுதின. பழைய பட்டியல் படங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ‘தி ஈவில் டெட்’ 2001-இல் வெட்டில்லாமல் 18 சான்று (18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும்) பெற்றது.

அதே ஆண்டு ‘கனிபல் ஹோலோகாஸ்ட்’ 5 நிமிடம் 44 நொடி வெட்டோடு 18 பெற்றது. வெட்டியவை இரண்டு வகை: விலங்குக் கொலைகள், பாலியல் வன்முறை. 18 ஆண்டுக்கு முன்னால் நாடே பதறிய மனிதக் கொலைக் காட்சிகள் தேறிவிட்டன. ஏனென்றால் அவை செட்டப் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும்.

2011-இல் படம் மறுபடி வந்தபோது வாரியம் பழைய வெட்டுகள் ஒவ்வொன்றுக்கும் இன்று சட்டக் காரணம் இருக்கிறதா என்று பார்த்தது. பாலியல் வன்முறைக் காட்சிகள் அருவருப்பூட்டுபவை, கிளர்ச்சியூட்டும்படி எடுக்கப்பட்டவை அல்ல என்று முடிவாகி அவை திரும்பின. விலங்குகளுக்கு அளவுகோல் 1937-ஆம் ஆண்டுத் திரைப்பட விலங்குகள் சட்டம். விலங்குக்குக் கொடூரமாக வலியோ பீதியோ உண்டாக்கியோ, கொடூரமாகச் சீண்டி வெறியூட்டியோ எடுப்பதற்காக ஏற்பாடு செய்த காட்சியைத் திரையிடக் கூடாது என்கிறது அது. திரையரங்குக்கான இந்த அளவுகோலையே வாரியம் வீடியோவுக்கும் கையாள்கிறது. கொல்வதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. கொடுமையாகக் கொல்வதைத் தடுக்கிறது. சட்டென்று முடிந்த கொலைகள் தேறின. ஒன்று மட்டும் தேறவில்லை. கத்தி இறங்கும்போது கோவாட்டி நெடுநேரம் துடித்து அலறும் அந்த ஷாட். 15 நொடி. ஃபிலிமில் 360 ஃபிரேம், இருபத்திரண்டரை அடி. அதே வெளியீட்டில், விலங்குக் காட்சிகளை இயக்குநரே மழுப்பித் தொகுத்த இன்னொரு பதிப்பும் சேர்க்கப்பட்டது. விலங்குகளைக் கொன்றதற்கு அவர் பிற்காலத்தில் வெளிப்படையாக வருந்தியிருந்தார்.

எங்கள் பார்வையில் இந்த வழக்கில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே சரியானது இதுதான். காட்சி எவ்வளவு கோரம் என்று அளக்காமல், கேமரா முன்னால் உயிருள்ள ஒன்றுக்கு உண்மையில் என்ன செய்யப்பட்டது என்று கேட்டது. செய்திச் சுருளில் இருந்த உண்மை மரணங்கள் தேறியதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. அவற்றைப் படக்குழு படத்துக்காக நடத்தவில்லை. அவை மனத்தை உறுத்துபவைதான். உறுத்தல் வெட்டுவதற்குக் காரணமாகாது.

ஆமைக் காட்சியில் நமக்கு வாரியத்தோடு மனத்தாங்கல் உண்டு. தலை ஒரே வெட்டில் போகிறது, அதனால் அது சட்டத்துக்குள் நிற்கிறது. ஆனால் படத்துக்காக மட்டுமே ஓர் உயிரைக் கொன்றது நியாயமா என்ற கேள்வி அந்தச் சட்டத்தில் இல்லவே இல்லை. 1937-இல் எழுதியவர்கள் வலியை மட்டும் நினைத்தார்கள்.

அதே ஆண்டு, எதிர்த்திசையில்

2011 ஜூனில் வாரியம் ‘தி ஹியூமன் சென்டிபீட் 2’ என்ற திகில் படத்துக்குச் சான்று மறுத்தது. முழுக்கப் புனைவு, கருப்பு வெள்ளை, ஓர் உயிருக்கும் கேடில்லை. பாலியல் கிளர்ச்சியையும் சித்திரவதையையும் படம் முடிச்சுப் போடுகிறது, பார்ப்பவருக்குத் தீங்கு நேரும் அபாயம் உண்டு, வெட்டிச் சரிசெய்ய முடியாது என்பது காரணம். விநியோகஸ்தர் மேல்முறையீடு செய்தார். அக்டோபரில் 32 வெட்டு, 2 நிமிடம் 37 நொடி குறைத்து 18 கிடைத்தது. வெட்டவே முடியாது என்ற படம் நான்கு மாதத்தில் வெட்டப்பட்டது. முதல் முடிவு தப்பா, இரண்டாவது தப்பா என்ற கேள்விக்கு வாரியத்தால் திருப்தியான விடை சொல்ல முடியவில்லை. மறுப்பறிக்கை காட்சிகளை விரிவாக விவரித்ததால், யாரும் பார்க்காத படத்தின் கதை நாளிதழ்களில் வந்தது.

இரண்டு வழக்கையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். கோவாட்டி வெட்டுக்குச் சான்று திரையிலேயே இருக்கிறது. பத்துப் பேர் பார்த்தாலும் பத்துப் பேரும் அதையே சொல்வார்கள். தீங்கு நேரக்கூடும் என்பது கணிப்பு. பாலியல் வன்முறையைப் பொறுத்தவரை அந்தக் கணிப்பை நாங்கள் ஒதுக்கித்தள்ள மாட்டோம். பலாத்காரத்தை இன்பமாகவும் பெண் அதை ரசிப்பதாகவும் காட்டும் ஷாட்டுக்கு இளைஞர்களிடம் விளைவு உண்டு என்று கருத இடமிருக்கிறது. வாரியமும் 2012 டிசம்பரில், பொதுமக்களிடம் நடத்திய ஆய்வுக்குப் பிறகு இந்த விஷயத்தில் கொள்கையை இறுக்கியது. ஆனால் வெறும் கோரத்துக்கு, சதையும் ரத்தமுமான ஒப்பனைக்கு, அப்படி ஓர் அடிப்படை இல்லை.

செயல்படுத்தும்போது

வகைப்படுத்தும் அமைப்பு எந்த நாட்டில் இருந்தாலும், கொடூரத் திகில் படம் மேசைக்கு வந்தால் முதலில் கேட்க வேண்டியது தயாரிப்பு ஆவணங்களை: விலங்குகள் பயன்பட்டனவா, கால்நடை மருத்துவர் இருந்தாரா, குழந்தை நடிகர்கள் எந்தக் காட்சியில் உடனிருந்தார்கள். ஆவணம் இல்லையென்றால் ஷாட்டைப் படிக்க வேண்டும். கத்தி நெருங்குவதும் காயம் தெரிவதும் ஒரே தொடர் ஷாட்டில் இருக்கிறதா, நடுவே வெட்டு விழுகிறதா? நடுவே வெட்டு இருந்தால் பெரும்பாலும் மாற்று உடல். ஒரே ஷாட்டாக ஓடினால் சந்தேகம் வலுக்கும், மருத்துவரிடம் காட்ட வேண்டும். ‘கனிபல் ஹோலோகாஸ்ட்’ மனிதக் காட்சிகளில் அந்த வெட்டுகளும், ஆட்டமும், ஃபோகஸ் நழுவலும் சரியான இடத்தில் இருக்கின்றன. விலங்குக் காட்சிகளில் அப்படி மறைக்க ஒன்றுமில்லை. 1980-இல் மிலானில் யாராவது இதைக் கவனித்திருந்தால் வழக்கு வேறு மாதிரி போயிருக்கும்.

அதற்குப் பிறகே வயது. 18 சான்று என்றால் அது கடை வாசலில், டிக்கெட் கவுன்ட்டரில் செல்லுபடியாக வேண்டும். உறையும் சுவரொட்டியும் தனியாகப் பார்க்கப்பட வேண்டும். தெருவில் போகும் குழந்தை படத்தைப் பார்ப்பதில்லை, உறையைத்தான் பார்க்கிறது. 1982-இல் சுவரொட்டிகளையும் உறைகளையும் மட்டும் ஒழுங்குபடுத்தியிருந்தால் பாதிப் புகார் வந்திருக்காது. எச்சரிக்கை வாசகம் ‘வன்முறை’ என்று ஒற்றைச் சொல்லில் நிற்காமல் ‘விலங்குக் கொலை, பாலியல் வன்முறை, உடல் சிதைப்பு’ என்று பிரித்துச் சொல்ல வேண்டும். உடல் சிதைப்பைத் தாங்குகிறவர் மற்றதைத் தாங்காமல் போகலாம்.

இந்தியாவில் இந்தக் கேள்வியின் ஒரு பகுதிக்குப் படம் எடுக்கும் முன்பே விடை கேட்கிறார்கள். 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்குப் பின்னால் மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் எடுத்த முயற்சி இருக்கிறது. அவர் தலைமையில் 1962-இல் தொடங்கிய விலங்குகள் நல வாரியம் நெடுங்காலம் சென்னையில்தான் இயங்கியது. படத்தில் விலங்கு நடிக்க வேண்டுமென்றால், எந்த விலங்கு, எத்தனை, யாருடையது, என்ன செய்யப்போகிறது என்று எழுதி அந்த வாரியத்திடம் முன்அனுமதி வாங்க வேண்டும். படப்பிடிப்பு முடிந்து தடையின்மைச் சான்றும் வாங்கினால்தான் சென்சாருக்குப் போக முடியும். மாடு முட்டும் காட்சியின் ஓரத்தில் ‘சிஜி’ (கணினியில் உருவாக்கியது) என்ற எழுத்து மின்னுவது இதனால்தான். தயாரிப்பாளர்களுக்கு இந்த நடைமுறை தலைவலி, தாமதமும் ஆகிறது. ஆனால் லெத்தீசியாவில் அப்படி ஒரு படிவம் கேட்கப்பட்டிருந்தால், கோவாட்டிக் காட்சி திரைக்கதைத் தாளிலேயே நின்றிருக்கும். 32 ஆண்டு கழித்து 360 ஃபிரேமை எண்ணி வெட்டும் வேலையே வந்திருக்காது.